உறுமாத கார்

"எவன்டா என் குரலைத் திருடினவன்? முன்னால வாடா!" என்று கொட்டகை மூலையில் கழற்றிப் போட்டிருந்த பழைய எஞ்சின் கத்தியது.

அதைக் கழற்றிவிட்டு பேட்டரிக்கு மாறிய கறுப்புக் கார் கூனிக் குறுகி நின்றது. அண்மையில் நடந்த பழைய கார் கண்காட்சியில், அதற்குள் ஒளித்துவைத்த ஸ்பீக்கர் அந்த எஞ்சினைப் போலவே உறுமியது. ஏமாந்த ஜனம் கைதட்டி, மாலை போட்டு முதல் பரிசையும் கொடுத்துவிட்டது.

"ஸ்பீக்கர் வெச்சது முதலாளிண்ணே."

"வாயை மூடிக்கிட்டு மாலை வாங்கினது யாரு? மேடு மேடா உன்னை இழுத்தவன் நான்டா!"

"கைதட்டினாங்க... ஆசையா இருந்துச்சுண்ணே."

அந்நேரம் முதலாளி அடுத்த கண்காட்சிக்குப் புறப்பட வந்து சாவியைத் திருகினார். கார் அசையவில்லை.

"முதலாளி, வெட்கமா இருக்குங்க. ஸ்பீக்கரைக் கழட்டுங்க. அன்னைக்குக் கேட்டது அண்ணனோட சத்தம்னு ஊரறியச் சொல்லுங்க. அதுவரைக்கும் நகர மாட்டேன்!"