பல்லில் படாத தண்ணீர்

"பச்சத் தண்ணி பல்லுல படலை, டாக்டரம்மா! ரெண்டு நாளா அப்படிக் காவல் காத்துருக்கேன்" என்றான் ஆறுமுகநயினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவன் கங்காணி. கரையில் நின்று 'ஏலே' என்று ஓர் அதட்டல் போட்டால் தோணியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலுக்கு ஆஸ்பத்திரி அறை பத்தவில்லை.

மேஜைமேல் கிடந்த ஒன்றரை வயதுப் பிள்ளை பயந்து வீறிட்டான். பக்கத்தில் ஆறுமுகநயினாரின் மனைவி இசக்கித்தாய், அழுது முகம் வீங்கி நின்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறான்?" என்று கேட்டார் டாக்டர் ஜெபசெல்வி.

"பத்து, பன்னெண்டு தடவை. நேத்துல இருந்து சீதமும் ரத்தமுமா போவுது. உள்ள தண்ணி போனாத்தானம்மா வெளிய போவும்? அதான் ஒரேயடியா நிப்பாட்டிட்டேன். இவகிட்டயும் சொல்லிட்டேன், ஏளா, எரக்கப்பட்டு ஒரு சொட்டு குடுத்தேன்னா பிள்ளை நமக்கில்லன்னு. ராத்திரி என் பக்கத்துலதான் படுக்கப் போட்டுக்கிடுதேன்."

டாக்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். சட்டென்று பழையபடி படிந்தது. நாக்கில் ஈரம் இருந்தது. அழுகிற கண்ணில் கண்ணீரும் வந்தது. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் பேதியான பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்தவர். அவர்களுக்கு அழக் கண்ணீர் இருக்காது.

"இந்தச் சீட்டைக் கம்பவுண்டர்கிட்டக் குடுத்து மாத்திரை வாங்கிட்டு வாங்க. யுத்தத்துல சிப்பாய்களுக்குன்னு வந்த புது மருந்து. ரத்தபேதிக்கு நல்லாக் கேக்கும்."

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், இசக்கித்தாய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் பாவி! அவுக வேலைக்குப் போன பெறவு பிள்ளைக்குத் திருட்டுத்தனமா கஞ்சித் தண்ணி குடுத்துட்டேன். உப்புப் போட்டு, சங்குல அஞ்சாறு தடவை. தவிச்ச வாயைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா இருக்க? அதனாலதான் ரத்தம் வருதா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அசடு! ரத்தம் வர்றது குடலில் புண் இருக்கிறதால. நீ குடுத்த கஞ்சித் தண்ணிதான் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கு. இன்னும் நிறையக் குடு."

இசக்கித்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவுகளுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாக. சொல்லிராதீங்கம்மா" என்று கெஞ்சினாள். டாக்டர் தலையை ஆட்டினார். அதற்குள் பிள்ளை மறுபடியும் துணியை நனைத்துவிட, அவனைக் கழுவ வெளியே குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆறுமுகநயினார் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தான்.

"பிழைச்சிருவானா, டாக்டரம்மா?"

"பிழைச்சிருவான். ஆனா தண்ணி குடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கு எவன் சொன்னான்? பேதியில் செத்துப்போற பிள்ளைகள்ல பாதி, தண்ணி இல்லாமத்தான் சாகுது. இன்னையிலிருந்து கொதிச்சு ஆறின தண்ணி, உப்புப் போட்ட கஞ்சி, கேக்கக் கேக்கக் குடுக்கணும். புரியுதா?"

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியது. வாசலை எட்டிப் பார்த்து, மனைவி குழாயடியில்தான் இருக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அப்போ, ரத்தம் வந்தது என்னால இல்லையே? ராத்திரி இவ கண்ணசந்த பெறவு, விடியுதமட்டும் கஞ்சித் தண்ணி ஊட்டுனது நான்தாம்மா. அவகிட்டச் சொல்லிராதீங்க. பாவி மக, என் சொல்லைத் தட்டக் கூடாதுன்னு ரெண்டு நாளா ஒரு சொட்டுகூடக் குடுக்காம அழுதுக்கிட்டே கெடக்கா!"