ஏழாம் நம்பர் கட்டில்

"இன்னைக்கு நீங்கதானாம்மா?" என்றார் ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த பெரியவர்.

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த டயாலிசிஸ் அறையில் அவளுக்கு 'ஒரே குத்து அக்கா' என்று பெயர். எவ்வளவு மோசமான கையாக இருந்தாலும் முதல் தடவையிலேயே ஊசியை ஏற்றிவிடுவாள். கூட வேலை பார்க்கிறவருக்கு 'அவசரம்' என்று பெயர். ஏன் என்று அவரிடம் கையை நீட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்று வாரமாக இந்தப் பெரியவரை அவசரத்தின் தலையில்தான் கட்டிக்கொண்டிருந்தாள். இன்று அவசரத்துக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. லீவு.

பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரை பச்சையும் ஊதாவுமாகக் கன்றிப்போயிருந்தது.

இதெல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் தலைமாட்டிலிருந்த சின்ன பாட்டிலைத் திறந்து, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவைத்தார். சிறுநீரகம் போனவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஓட்டிக்கொண்டிருந்த லாரியிலேயே தூங்கிப்போய், அவளுடைய தம்பியின் பைக் மேல் ஏற்றியவர் இவர். தம்பி வீடு திரும்பவில்லை.

ஆறு மாதம் கழித்து விசாரணை நடந்தது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்துகிறவள், எறும்பைக்கூடத் தாண்டிப் போகிறவள், அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் இவரை மறித்துக்கொண்டு கத்தினாள்.

"ஒரு வாய் தண்ணிகூட நீ நிம்மதியாக் குடிக்க மாட்டே!"

பிறகு அவள் இவரைப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன், இந்தக் கட்டிலில். கையில் அந்தப் பாட்டிலோடு.

இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே வடிந்துவிட்டது. அந்த இடத்தில் பயம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கேட்டது கேட்டபடி நடந்துவிட்டதே!

நோய் எப்போது வந்தது என்று அவருடைய பழைய ஃபைலைப் புரட்டிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மூன்று ஞாயிறாக ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. கணவன் கேட்டதற்கு வாயுத் தொல்லை என்றாள். அந்த அப்பாவி மனுஷன் மருந்தே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கையைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் விரலுக்கடியில் குறுகுறுவென்று அதிர்ந்தது.

'ஆண்டவரே, உம்மிடம் பேச எனக்கு முகமில்லை. இந்த ஊசியாவது நேராகப் போகட்டும்.'

போனது. அடுத்ததும் போனது. குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது.

இறுக்கி மூடியிருந்த கண்ணை அவர் மெல்லத் திறந்தார். "குத்தியாச்சா?"

நான்கு மணி நேரம். அரை மணிக்கொரு தரம் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். எழுதினாள். போனாள்.

மெஷின் நின்றதும் ஊசிகளை உருவினாள். உருவிய இடத்தைப் பஞ்சுத்துணி வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீறிடும்.

பத்து நிமிடம். எங்கும் ஓட முடியாது.

"ஐயா, என்னைத் தெரியுதா?"

"முதல் நாளே தெரிஞ்சுதும்மா. உங்களுக்குச் சங்கடம் வேணாம்னுதான் வாயத் தொறக்கல."

"அன்னைக்கு நான் சொன்னேனே..." பஞ்சுத்துணியை இன்னும் அழுத்தினாள். "அதனாலதானே உங்களுக்கு இப்படி?"

அவர் புரியாமல் பார்த்தார். அவள் கண் தண்ணீர் பாட்டிலுக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"ஐயோ, இதைத்தான் மூணு வாரமாச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

மறு கையால் சட்டைக் காலரை இழுத்துக் காட்டினார். கழுத்தின் வலப் பக்கம், எலும்புக்கு மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழைய தழும்பு.

"அன்னைக்கு இங்கே டியூப் போட்டிருந்தாங்க. முந்தின நாள் டயாலிசிஸ் முடிச்சுட்டுத்தான் கோர்ட்டுக்கே வந்தேன். காலர் மறைச்சிடுச்சு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு அளவுத் தண்ணிதாம்மா."

அவள் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாக நெஞ்சுக்குள் சிக்கிக்கிடந்த மூச்சு வெளியே வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டு கையும் அவர் கையை அழுத்திக்கொண்டிருந்ததால் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனாலும் சொன்னது சொன்னதுதான். மன்னிச்சிடுங்க ஐயா."

"அது நான் கேட்க வேண்டியதும்மா," என்றார் அவர். "நாலு வருஷமா எப்படிக் கேட்கறதுன்னு தெரியல." உதடு கோணியது. அழுகையில் தோள் குலுங்கியது.

"ஆடாதீங்க, ரத்தம் வரும்," என்றாள்.

பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமையும் நானே குத்துறேன் ஐயா."