அறுபத்தொன்றாவது முக்கோணம்

அன்று டெலோரைன் ஊர்ச் சந்தையில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் மூன்று பேர். முக்கோணங்களாலேயே விலங்குகளை வரைந்து, அச்சடித்து விற்கும் மெரின். பக்கத்தில் தேன் விற்கும் நான். எதிரில், மாவுக்குள் மீனை வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் விற்கும் டாட்.

பத்தே கால் மணிக்கு நாலாவது ஆளாக வந்தார் அதால் கிழவர். போன மாதம் மெரினிடம் வாங்கிய படம் அவர் கக்கத்தில்; வாம்பட் என்ற குட்டைக்கால் விலங்கின் படம்.

"ஏம்மா, கீழே அறுபத்தொரு முக்கோணம்னு எழுதியிருக்கியே. என் எதிர்ல எண்ணு பார்ப்போம்."

மெரின் சிரித்தாள். "வரைஞ்சதே நான்தானே, ஐயா!"

"எண்ணு."

"ஒரு முக்கோணம் குறைஞ்சா வாம்பட் நொண்டுமா, அதால்?" என்றாள் டாட். "வேற வேலை இல்லையா உனக்கு?"

"நீ உன் பையில மீன் இருக்கான்னு எண்ணு, போ."

என்னை எண்ணச் சொன்னார்கள். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் அறுபது.

மெரின் குனிந்து பார்த்தாள். கணினியில் வரையும்போது, இடது காதில் இருந்த இரண்டு முக்கோணங்களுக்கும் ஒரே பழுப்பைக் கொடுத்திருக்கிறாள். இரண்டும் ஒட்டி ஒரே பெரிய முக்கோணமாகிவிட்டன. மேஜையில் இன்னும் இருபத்துமூன்று வாம்பட். எல்லாவற்றிலும் 61 என்று பென்சிலில் அவள் கையெழுத்து.

"இதை எப்படி விப்பேன்?" ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

கிழவர் முகத்திலோ அப்படி ஒரு சிரிப்பு!

"நல்லா இருக்குய்யா உன் சந்தோஷம்," என்று டாட் சீறினாள்.

"உங்க பணத்தைத் திருப்பித் தந்துடறேன், ஐயா," என்றாள் மெரின்.

"பணமா? யாரு கேட்டா? கார் வரைக்கும் வா. என் பொண்டாட்டிகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடு."

கார் என் மேஜைக்குப் பின்னால்தான் நின்றது. உள்ளே அவர் மனைவி நெரிடா.

"பக்கவாதம் வந்து ஏழு மாசமாச்சு. வாயே திறக்கல," என்றார் கிழவர். "செவ்வாய்க்கிழமை காலையில டீ குடிக்கும்போது, சுவத்துல இருந்த வாம்பட்டைப் பார்த்து, 'அறுபது'ன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இன்னும் பேசட்டுமேன்னு, 'இல்ல, அறுபத்தொண்ணு, எழுதியிருக்கு பார்'னு வம்பு பண்ணினேன். 'அறுபதுடா, மண்டு!'ன்னா."

மெரின் ஜன்னலில் குனிந்தாள். "நீங்க சொன்னதுதாம்மா சரி. அறுபது."

நெரிடா கணவரைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு மெல்ல அசைந்தது. "சொன்… னேன்… ல."

டாட் இரண்டு மீன் பைகளைச் சுடச்சுடக் கொண்டுவந்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

"இதைவிட முக்கோணம் அதிகமா எந்தப் படத்துல இருக்கு?" என்றார் கிழவர்.

"எக்கிட்னா. உடம்பு பூரா முள்ளாச்சே."

"அதுல ஒண்ணு குடு. கீழே இருக்கிற எண்ணை அழிச்சிடு. சரியா எண்ணறது அவ வேலை. தப்பா எண்ணித் திட்டு வாங்கறது என் வேலை."

மெரின் அதில் மட்டுமல்ல, எல்லாப் படத்திலும் எண்ணை அழித்தாள். 'நீங்களே எண்ணிப் பாருங்கள்' என்று ஓர் அட்டை எழுதி வைத்தாள்.

அதற்குள் அறுபதின் கதை சந்தை முழுக்கப் பரவிவிட்டது. சந்தை கலையும்போது எண்ணினேன். எக்கிட்னா பன்னிரண்டில் பதினொன்று மீதி. இருபத்துமூன்று வாம்பட்டில் ஒன்றுகூட மீதி இல்லை.