பரீட்சை வேகம்

மேசையில் இரண்டு கணினிகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றில் தங்கள் கம்பெனியின் புதுச் சிப், மற்றதில் போட்டிக் கம்பெனியுடையது. வேகத்தை அளக்கும் சோதனை நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் தங்களுடையதே மயிரிழையில் முந்தியது. சோதனைப் பிரிவின் பொற்கொடி எந்த நிரலையும் நகலெடுத்துத் தன் பெயரிட்டு வைத்துக்கொள்கிறவள். இன்று கைப்பழக்கத்தில் அந்த நகலை இரண்டிலும் ஓட்டிவிட்டாள். போட்டிக்காரனின் சிப் வழக்கம்போல் ஓடியது. தங்களுடையது பாதி வேகத்துக்கு விழுந்தது, விசிறிகூட அடங்கிப்போயிற்று. உள்ளே இருப்பது அதே நிரல், பெயர்தான் வேறு. பரீட்சையின் பெயரைக் கேட்டால் மட்டும் எள்ளென்பதற்குள் எண்ணெயாக நிற்கும்படி யாரோ அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

மேலாளர் ஜெரால்டைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு வெளியீட்டு விழா மேடையில எந்தப் பேருல ஓட்டுவாங்க?"

"பழைய பேருலதான் சார். ஆனா வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல..."

"வீட்டுல யாரும்மா பரீட்சை வைக்கப் போறா? உன் நகல அழிச்சிரு. டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன்."

அவர் போனபின் அவள் எதையும் அழிக்கவில்லை. தங்கள் கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிணத்தைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நடைவழியில் ஜெரால்டின் காலடி கேட்டது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. விரல்கள் விசைப்பலகையில் படபடவென்று ஓடின. என்ன அடித்தோம் என்று அவள் பார்த்தபோது திரையில் அவள் பெயர் தாங்கிய நகல் இல்லை.