கொளுத்திப் பார்த்த இழை

"இதைப் பிளாஸ்டிக் கவர்ல மட்டும் வெச்சிடாதீங்க" என்றாள் ராஜம்மாள், தாம்பாளத்திலிருந்த பட்டுப்புடவையைக் காட்டி. "வெள்ளை வேட்டியில சுத்தித்தான் வைக்கணும். அந்துருண்டை கிட்டவே வரக் கூடாது, சரிகை கறுத்துடும்."

வந்தவாசியிலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அவள். வந்து உட்கார்ந்திருந்ததோ ஆரணியை ஒட்டிய சேவூரில், பட்டு நெய்கிற சடையன் வீட்டில். யாரிடம் வந்து எதைச் சொல்கிறாள் பாருங்கள்.

சடையனின் தங்கை பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராஜம்மாள் விடவில்லை. மணப்பெண் ஜெயப்ரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "மாசத்துக்கு ஒரு தபா பிரிச்சு, மடிப்பை மாத்தி மடிக்கணும்மா. ஒரே மடிப்புல கெடந்தா அந்த எடத்துல இத்துப் போயிடும். தீபாவளிக்கு வாங்கினதுல இருந்து நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். வெயில் படாம நிழல்லதான் ஆத்தி எடுத்தேன்."

ஜெயப்ரியா புடவையைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். சடையன் வெற்றிலைத் தட்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சம்பந்தியம்மா இவ்ளோ சொல்றாங்களே, ஒரு இழை கொளுத்திப் பாத்துடலாமா? எங்க ஊரு வழக்கம்."

"இன்னாத்துக்கு அதெல்லாம்? நல்ல நாளும் அதுவுமா நெருப்பு வெச்சிகினு" என்றார் சடையன். "விடு பச்சையம்மா."

"கொளுத்தட்டும்ண்ணே. எனக்கென்ன பயம்?" என்று ராஜம்மாளே சிரித்தாள்.

பச்சையம்மாள் புடவை ஓரத்தில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலில் ஒன்றை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். அசல் பட்டென்றால் முடி பொசுங்குகிற வாடை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாகப் பொடியும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாக மணி மாதிரி இறுகிக்கொண்டது. பிளாஸ்டிக் வாடை கூடமெல்லாம் பரவியது.

"பாவு மட்டும்தான் பட்டு. ஊடை பாலியஸ்டர்" என்றாள் பச்சையம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "தறிக்காரன் வூட்டுக்கே கலப்படப் புடவை எடுத்துகினு வர்றீங்களே, நாளைக்கு எங்க பொண்ணை நீங்க எந்த லட்சணத்துல வெச்சுக்குவீங்க?"

வீடியோக்காரர் லைட்டை அணைத்துவிட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ராஜம்மாள். "இதே ஆரணி கடைவீதியிலதான் வாங்கினேன். அசல் பட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. தெரிஞ்சிருந்தா நான் ஏன் இத்தனை பத்திரமா வெச்சிருக்கப் போறேன்?"

யார் கேட்டது? ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அருணகிரி முதலாளி தொண்டையைக் கனைத்ததும்தான் அடங்கினார்கள். சடையன் கூலிக்கு நெய்வது அவரிடம்தான். நூல் கொடுப்பதும் அவர், புடவையை வாங்கிக் கடைகளுக்குப் போடுவதும் அவர்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் ஆரணிப் பட்டுக்கே கெட்ட பேரு" என்றார் முதலாளி.

ராஜம்மாள் எழுந்து சடையன் முன்னால் வந்து நின்றாள். கை தானாகக் குவிந்தது.

"அண்ணே, நீங்க தறிக்காரரு. இது எங்கயிருந்து வந்திருக்கும், எப்படி ஏமாத்துறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் பொய் சொல்லலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, போதும்."

கூடமே சடையனைப் பார்த்தது. அவர் முதலாளியைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பட்டு இல்லீங்க. இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

மாப்பிள்ளை தனசேகரன் எழுந்துவிட்டான். "வாம்மா போகலாம். உன்னைத் திருடி மாதிரி நிக்க வெச்ச வூட்ல எனக்குப் பொண்ணு வேணாம்." சொல்லும்போது அவனால் ஜெயப்ரியா பக்கம் திரும்ப முடியவில்லை.

ராஜம்மாள் பழக்கத்தில் புடவையை மடிப்பு மாற்றி மடிக்க ஆரம்பித்தாள். பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். "இதை எடுத்துகினு போய் நான் என்ன பண்றது?" என்று போட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

சொந்தக்காரர்கள், சமைத்ததை வீணாக்கக் கூடாதென்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். முதலாளிக்கு வடை, பாயசத்தோடு தனி இலை. பச்சையம்மாள் கடைசிவரை வந்தவாசிக்காரர்களைத் திட்டிக்கொண்டே பாத்திரம் ஒழித்துவிட்டுக் கிளம்பினாள்.

அப்பாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். ஜெயப்ரியா புடவையை மடியில் போட்டுக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அழாதம்மா" என்றார் சடையன். "போனா போவட்டும். ஊரை ஏமாத்துற குடும்பத்துல உன்னைத் தள்ளாம சாமி காப்பாத்துச்சுன்னு நெனைச்சுக்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போடுகிற குரலில்லை, களைத்துப் போன குரல்.

"ஆவணியில நம்ம தறியில நீ நெய்து, முதலாளிக்குக் குடுத்தியே, அந்தப் புடவைதானே இது? இந்த ஊடை நூலைத் தார்க்குச்சியில சுத்திச் சுத்திக் குடுத்தவளே நான்தான். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு நின்னாங்களே, அப்பவாவது நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேம்பா."