பழகிய மூச்சு

கூத்தில் முகவீணை ஊதுபவன் வேம்புலி. அதன் நாக்கான சீவாளியை வாயில் ஊறவைத்துக் கொடுப்பவள் மனைவி தாட்சாயணி. ஊதுபவரின் மூச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் புதுவகை நினைவுச் சீவாளி வந்த பிறகு, முகவீணை பழகிய மூச்சுக்கு மட்டும்தான் பேசியது. ஒருமுறை தாட்சாயணி ஆசையாக ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"மாசக்கணக்குல ஊதினாதான் ஆள அடையாளம் தெரிஞ்சிக்கும்டி," என்று வேம்புலி சிரித்தான்.

இன்று மத்தளக்காரி பூங்காவனம் விளையாட்டாக எடுத்து ஊதினாள். முகவீணை கொஞ்சிக் குழைந்தது. எல்லோரும் கைதட்ட, வேம்புலி மட்டும் குனிந்து வேட்டியைச் சரிசெய்தான்.

ஆட்டம் தொடங்குமுன் சீவாளி தாட்சாயணி வாய்க்கு வந்தது. அதில் பூங்காவனத்தின் வெற்றிலை மணத்தது.

"ஊறிச்சா தாட்சு?"

நறுக்கென்று கடித்து அவன் உள்ளங்கையில் துப்பினாள்.

"ஊறிச்சி மாமா. இப்ப அவள ஊதச் சொல்லு."