மீன் நுழையாத வீடு

வசந்தாமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் பையைப் பிரித்தாள்.

உள்ளங்கை அகலத்தில் நாலு ஜிலேபி மீன். ஒன்றின் வாய் மட்டும் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மாமியார் அத்தாயி சந்தைக்குப் போயிருந்தாள். மத்தியான பஸ்ஸை விட்டால் பொழுது சாயத்தான் வருவாள். அதற்குள் ஆக்கித் தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். செதிலையும் குடலையும் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

அணைக்கரையில் கந்தன் லேசில் தரவில்லை. அவள் புருஷன் குருமூர்த்தியோடு ஒரே பரிசலில் வலை போட்டவன் அவன்.

“வேண்டாம் அம்மிணி. உங்கூட்டுக்கு மீன் குடுத்தேன்னு தெரிஞ்சா உங்க அத்தை என்னய மண்ண வாரித் தூத்துவாங்க.”

அவள் பையை நீட்டியபடியே நின்றாள். நகரவில்லை. கடைசியில் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டில் இருந்த மீன் சட்டியை அத்தாயி எப்போதோ கரையில் போட்டு உடைத்துவிட்டாள். ரசச் சட்டிதான் இருந்தது. அதைத்தான் அடுப்பில் ஏற்றினாள்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுந்தது. தக்காளி கிடையாது, தேங்காய் கிடையாது. கொட்டைப்பாக்களவு புளி, நாலைந்து வரமிளகாய், கொஞ்சம் மல்லி, வாடிப்போன சின்ன வெங்காயம். டப்பாவின் அடியில் ஒரு பிடி நிலக்கடலை கிடைத்தது. அதை வறுத்துத் தோல் ஊதி, மற்றதோடு சேர்த்து அம்மியில் அரைத்தாள். எண்ணெய்க்கும் கடலைதான், தேங்காய்க்கும் கடலைதான்.

மீனை அறுக்கத்தான் கை வரவில்லை.

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். செதிலைச் சுரண்டினாள். வயிற்றை அரிவாள்மனையில் வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே இழுப்பு.

பிறகு பார்க்காமலும் இருக்க முடியவில்லை. குடலை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பச்சைப் பாசி, சேறு. அவ்வளவுதான். நாலு மீனிலும் அவ்வளவுதான்.

தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினாள். வாயோ ஊறிக்கொண்டே இருந்தது. அந்த ஊறல்தான் அவளைப் பயமுறுத்தியது.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். சோறு இறங்கவில்லை, களி இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் மீன் கொதிக்கிற வாசம் வந்தால் மட்டும் கால் தானாகப் போய்ச் சுவரோரம் நின்றது. யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

குழம்பு தளதளவென்று கொதித்தது. மீனைப் போட்டதும் கொதி அடங்கியது. வீடே வாயை மூடிக்கொண்டது போலிருந்தது.

துண்டுகள் அடியில் போய்ப் படுத்தன. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

அவள் கரண்டியால் அவற்றை மறுபடி உள்ளே அமுக்கினாள்.

இறக்கி வைத்து ஆறக்கூட விடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு ஊற்றிப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மெல்லாமலே உட்கார்ந்திருந்தாள். மென்றபோது கண்ணில் நீர் வந்தது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. வசந்தாமணி எழுந்து இடக்கையால் தாழை நீக்கினாள்.

பஸ் பாதி வழியில் நின்றுபோய், அத்தாயி வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். வாசல்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது. நேராக அடுப்படிக்குப் போனாள். முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

“எம்பையன் இன்னும் அந்தத் தண்ணிக்குள்ளதான் கெடக்கறான். அந்த மீனு உனக்கு எப்படி எறங்குச்சு?”

ஆடி வெள்ளத்தில் குருமூர்த்தியின் வலை கரை ஒதுங்கியது. பரிசல் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. தேட வந்தவர்கள் தேடிவிட்டுப் போனார்கள். ஊர் கொஞ்ச நாள் மீனைத் தொடாமல் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாக அடுப்பு புகைந்தது. இந்த வீடு மட்டும்தான் பாக்கி.

வசந்தாமணி எச்சில் கையோடு அவளருகே வந்தாள்.

“எனக்கில்லீங்க அத்தை.”

அழுகைச் சத்தம் ஓயாத வீட்டில் எந்த வாயால் சொல்வது என்று இத்தனை நாள் புடவைக்குள் மூடி வைத்திருந்தாள். இப்போதும் வாயால் சொல்லவில்லை. மாமியாரின் ஒரு கையைப் பிடித்து இழுத்துத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஏதோ ஒன்று வாலைச் சுழற்றித் திரும்பியது. அது அசைவது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும். முதல் கவளம் இறங்கினபோது.

அத்தாயியின் இன்னொரு கையில் சட்டி சாய்ந்து, குழம்பு அவள் கால்மேல் சொட்டியது. அவளுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை.

சட்டியைத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள். இருப்பதில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, மருமகளின் தட்டில் வைத்தாள்.

“தின்னு, சாமி” என்றாள்.

மருமகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.